அலுவலக மின்னஞ்சலுக்கு யார் காவல்? வடிகட்டல் கொள்கைகள் பற்றி ஒரு நிர்வாகியின் விளக்கம்

பகல் இரண்டு மணி இருக்கும். புறக்கோட்டையில் இறக்குமதி வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் காசாளர் தொலைபேசியில் அழைத்தார். அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்குகளை நிர்வகிப்பது என் வேலை.

"நானா, மொதலாளி சைனாவிலிருந்து மெயில் போட்டிருக்காரு. கொன்டெய்னர்ட மிச்சச் சல்லிய வேறொரு எக்கவுன்டுக்குப் போடச் சொல்றாரு. பேங்க் மூடப் போகுது. அனுப்பட்டா?"

"மொதலாளிக்குக் கோல் எடுத்தீங்களா?"

"இல்ல நானா. மீட்டிங்ல இருக்கேன், கோல் எடுக்க வேணாம்னு மெயில்லயே இருக்கு."

"அப்ப கட்டாயம் எடுங்க. அவர்ட வாயால சொல்லும் வரைக்கும் ஒரு சதமும் போகக் கூடாது."

பத்து நிமிடத்தில் விடயம் தெளிவானது. முதலாளி அப்படியொரு மின்னஞ்சலை அனுப்பவே இல்லை. பணம் தப்பியது. ஆனால் என் மனதில் ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. வடிகட்டி இருந்தும் அந்த மின்னஞ்சல் எப்படி உள்ளே வந்தது?

அன்றிரவு பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. தவறு என்னுடையது. சில மாதங்களுக்கு முன்னர், நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து வரும் ஓடர் மின்னஞ்சல்கள் எல்லாம் ஸ்பேமுக்குப் போகின்றன என்று முறைப்பாடு வந்தது. அவசரத்தில் நான் நிறுவனத்தின் சொந்த டொமைன் பெயரையே 'அனுமதிக்கப்பட்டோர்' பட்டியலில் சேர்த்துவிட்டேன். முறைப்பாடு நின்றது. அதோடு, நிறுவனத்தின் பெயரைப் போட்டு யார் எதை அனுப்பினாலும் சோதிக்காமல் உள்ளே விடும் வாசலும் திறந்தது. மோசடிக்காரன் அந்த வாசலால்தான் வந்தான்.

அன்று நான் படித்த பாடத்தையே இங்கு விளக்க விரும்புகிறேன். மின்னஞ்சல் வடிகட்டி ஒரு மென்பொருள் மட்டுமல்ல. யாரை நம்புவது, எதைச் சோதிப்பது, சந்தேகம் வந்தால் யார் முடிவெடுப்பது என்று நாம் எழுதிவைக்கும் கொள்கை அது. பெரும்பாலான அலுவலகங்களில் அந்தக் கொள்கையை யாரும் எழுதுவதில்லை. வாங்கியபடியே விட்டுவிடுகிறோம். முறைப்பாடு வரும்போதெல்லாம் ஒரு ஓட்டை போடுகிறோம்.

இது சிறிய கடைகளின் பிரச்சினை மட்டுமல்ல. 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பே கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. அந்தக் காலப்பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. பாவிக்கப்பட்ட சேவையக மென்பொருள் 2013ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. சந்தேகத்திற்குரிய இணைப்புகள் உத்தியோகத்தர்களுக்கு வந்துகொண்டிருந்ததாகவும், எவரோ ஒருவர் அதை அழுத்தியிருக்கலாம் என்றும் அப்போது கூறப்பட்டது. அரசுக்கே இந்த நிலை என்றால், ஒரு பாடசாலைக்கோ, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கோ, பேருவளை மாணிக்க வியாபாரிக்கோ என்ன பாதுகாப்பு இருக்கிறது?

முதலில் நமது பெயரைக் காப்போம்

மின்னஞ்சலை அனுப்பும் அடிப்படை விதிமுறை 1982ஆம் ஆண்டு எழுதப்பட்டது. அன்று அதைப் பாவித்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். அதனால் அனுப்புநர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. தபால் உறையின் பின்பக்கத்தில் யாரும் யாருடைய பெயரையும் எழுதலாம், தபாற்காரர் கேட்கமாட்டார். மின்னஞ்சலும் அப்படித்தான்.

இந்தக் குறையை அடைக்கப் பின்னர் மூன்று ஏற்பாடுகள் வந்தன. மூன்றும் உங்கள் டொமைன் பெயரின் டி.என்.எஸ். பதிவுகளில் எழுதப்படுபவை. இவற்றை எழுத எந்தக் கட்டணமும் இல்லை.

முதலாவது எஸ்.பி.எப். எந்தெந்தச் சேவையகங்கள் உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல் இது. ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்.பி.எப். பதிவு மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு எழுதினால் இரண்டும் செல்லாது. அதற்குள் வேறு சேவைகளைச் சேர்க்கும்போது, மொத்தத் தேடல்கள் பத்தைத் தாண்டக் கூடாது. பலர் சறுக்கும் இடங்கள் இவை.

இரண்டாவது டிகிம். வெளியே போகும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் ஒரு மறைகுறி முத்திரை இடப்படும். பெறுபவரின் சேவையகம் உங்கள் டி.என்.எஸ். பதிவிலுள்ள திறவியை வைத்து, அந்த முத்திரை உண்மையானதா, வழியில் கடிதம் மாற்றப்பட்டதா என்று பார்க்கும்.

மூன்றாவது டிமார்க். மேற்கூறிய இரண்டில் ஒன்றாவது தேறி, அது பெறுபவரின் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா என்று இது பார்க்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் நீங்களே இதில் சொல்கிறீர்கள். 'நன்' என்றால் ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு. 'குவாரண்டைன்' என்றால் ஸ்பேமில் போடு அல்லது தடுத்து வை. 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு.

இங்கே அவசரம் கூடாது. முதல் நாளே 'ரிஜெக்ட்' என்று எழுதினால் உங்கள் சொந்தக் கடிதங்களே திரும்பிப் போகலாம். 'நன்' என்று தொடங்குங்கள். சில வாரங்கள் அறிக்கைகளைப் பாருங்கள். உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். இணையத்தளத்தின் ஓடர் படிவம், கணக்கு மென்பொருள், செய்திமடல் சேவை என்று மறந்துபோனவை எல்லாம் வெளியே வரும். அவற்றை ஒழுங்குபடுத்திய பின்னர் 'குவாரண்டைன்', அதன் பின்னர் 'ரிஜெக்ட்' என்று ஏறுங்கள். பலர் 'நன்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது பூட்டு வாங்கிவந்து மேசையில் வைத்ததற்குச் சமம்.

நான் செய்த தவறுக்கான சரியான பரிகாரமும் இதுவே. இணையத்தளத்தின் ஓடர் மின்னஞ்சல்கள் ஸ்பேமுக்குப் போனதற்குக் காரணம், அந்தச் சேவையகம் எஸ்.பி.எப். பட்டியலில் இல்லாததுதான். பட்டியலில் சேர்த்திருந்தால் நோய் தீர்ந்திருக்கும். நான் அனுமதிப் பட்டியல் என்ற வலிநிவாரணியைக் கொடுத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 பெப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மின்னஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. குறைவாக அனுப்புவோரும் எஸ்.பி.எப். அல்லது டிகிம் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடசாலை பெற்றோருக்கு அனுப்பும் அறிவித்தலும், நிறுவனம் அனுப்பும் விலைமனுவும் ஸ்பேமில் கிடக்கும், அல்லது போய்ச் சேராமலேயே திரும்பும்.

உள்ளே வருவதைச் சோதித்தல்

டிமார்க் உங்கள் பெயரை அப்படியே திருடுவதைத்தான் தடுக்கும். மோசடிக்காரனுக்கு வேறு வழிகளும் தெரியும். ஏதோவொரு ஜிமெயில் முகவரியைத் திறந்து, அனுப்புநர் பெயராக முதலாளியின் பெயரைப் போடுவான். கைத்தொலைபேசித் திரையில் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி தெரியாது. அல்லது உங்கள் விநியோகத்தரின் டொமைன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புதிய டொமைன் ஒன்றைப் பதிவு செய்வான். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சிறிய எழுத்துகளை அருகருகே வைத்தால் 'எம்' போலத் தெரியும். வேலை நெருக்கடியில் யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

கூகுள் வேர்க்ஸ்பேஸ் நிர்வாகப் பக்கத்தில், ஜிமெயில் அமைப்புகளின் பாதுகாப்புப் பகுதியில் இதற்கான தெரிவுகள் உள்ளன. ஊழியர்களின் பெயரை வெளியார் போட்டு அனுப்பினால் என்ன செய்வது, நமது டொமைனைப் போன்ற பெயரிலிருந்து வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யலாம். எச்சரிக்கை காட்டுவதா, ஸ்பேமில் போடுவதா, குவாரண்டைனில் வைப்பதா என்பது உங்கள் முடிவு. மைக்ரோசொப்ட் 365இல் 'ஸ்டேன்டர்ட்', 'ஸ்ட்ரிக்ட்' என்று இரண்டு ஆயத்தக் கொள்கைகள் இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் எல்லோருக்கும் 'ஸ்டேன்டர்ட்' கொள்கையையும், முதலாளி, கணக்காளர், காசாளர் ஆகியோருக்கு 'ஸ்ட்ரிக்ட்' கொள்கையையும் இடலாம். பெயர்த் திருட்டைக் கண்டுபிடிக்கும் வசதிக்கு அங்கே மேலதிக உரிமம் தேவை. வாங்குமுன் உங்கள் பொதியில் அது உள்ளதா என்று பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் எல்லா மின்னஞ்சல்களுக்கும் 'வெளியார்' என்ற அடையாளம் காட்டும் வசதி இரண்டு சேவைகளிலும் உண்டு. முதலாளியின் பெயரில் வந்த கடிதத்தில் 'வெளியார்' என்று இருந்தால் காசாளர் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். அந்த ஒரு நிமிடம் பெறுமதியானது.

அடுத்தது இணைப்புக் கோப்புகள். இயங்கு கோப்புகளை முற்றாகத் தடுக்கலாம். ஓர் அலுவலகத்துக்கு அவை மின்னஞ்சலில் வரவேண்டிய தேவை ஏறத்தாழ இல்லை. கடவுச்சொல் இட்ட சிப் கோப்புகளைக் குவாரண்டைனில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வடிகட்டியால் பார்க்க முடியாது. மெக்ரோ உள்ள எக்செல், வேர்ட் கோப்புகளுக்கும் அதே விதி. இணையப் பக்க வடிவில் வரும் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போலி உள்நுழைவுப் பக்கத்தை அந்த வடிவில் அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிப்பது வழமையான தந்திரம்.

எல்லாவற்றையும் தடுத்துவிடவும் முடியாது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 81 மில்லியன் டொலர் திருடப்பட்டது. கூடவே 20 மில்லியன் டொலர் இலங்கைக்கும் அனுப்பப்பட்டு, பெறுநர் பெயரிலிருந்த ஓர் எழுத்துப்பிழையால் அகப்பட்டது. அமெரிக்காவின் எப்.பி.ஐ. பின்னர் வெளியிட்ட விபரங்களின்படி, அதற்கு ஒரு வருடம் முன்னரே அந்த வங்கியின் ஊழியர்களுக்கு வேலை தேடும் ஒருவர் எழுதியது போன்ற மின்னஞ்சல்கள் போயிருந்தன. சுயவிபரக் கோவைக்கான இணைப்பு என்று அதில் இருந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் முன்பின் தெரியாதவர்களின் கடிதங்களைத் திறக்கத்தான் வேண்டும். அப்படியான பிரிவுக்கு விதியைத் தளர்த்தாமல், அதற்கென்று தனி முகவரியும் இறுக்கமான சோதனையும் வைப்பதே வழி.

குவாரண்டைனுக்கு ஒரு பொறுப்பாளர்

இறுக்கமான கொள்கைக்கு ஒரு விலை உண்டு. நல்ல கடிதமும் சில நேரம் சிக்கும். கேள்விப்பத்திரம் தொடர்பான மின்னஞ்சல் ஒன்று குவாரண்டைனில் கிடந்து திகதி கடந்துபோனால் அதுவும் நட்டம்தான். அதனால்தான் ஊழியர்கள் வடிகட்டியை வெறுக்கிறார்கள், நிர்வாகிகள் அதைத் தளர்த்துகிறார்கள்.

இதற்குத் தீர்வு குவாரண்டைனை ஒவ்வொரு நாளும் பார்ப்பது. காலையில் ஒருமுறை, மதியத்துக்குப் பிறகு ஒருமுறை போதும். கூகுளில் 30 நாட்களும், மைக்ரோசொப்ட்டில் நீங்கள் வைத்த எல்லைப்படி ஆகக்கூடியது 30 நாட்களும் அவை இருக்கும். அதன் பின் அழிந்துவிடும். சாதாரண ஸ்பேமை ஊழியரே விடுவித்துக்கொள்ளலாம். மோசடி என்று உறுதியாகக் குறிக்கப்பட்டதையும், வைரஸ் இருப்பதையும் நிர்வாகி மட்டுமே விடுவிக்க வேண்டும். ஊழியர் கேட்கலாம், முடிவு நிர்வாகியுடையது. நிர்வாகி விடுமுறையில் இருந்தால் யார் பார்ப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு பொறுப்பும் வருகிறது. குவாரண்டைனைப் பார்ப்பவர் மற்றவர்களின் கடிதங்களைப் பார்க்கிறார். சம்பள விபரம், நோய், குடும்பப் பிரச்சினை எதுவும் அதில் இருக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விடுவிக்கத் தேவையான அளவுக்கு மேல் வாசிக்கக் கூடாது.

விதிவிலக்குகள்தான் ஓட்டைகள்

அனுமதிப் பட்டியலுக்கு நான் இப்போது கடைப்பிடிக்கும் விதிகள் இவை. சொந்த டொமைனை ஒருபோதும் சேர்ப்பதில்லை. ஜிமெயில், யாஹூ போன்ற பொது டொமைன்களை முழுதாகச் சேர்ப்பதில்லை. ஒருவரைச் சேர்ப்பதென்றால் முழு டொமைனை அல்ல, குறிப்பிட்ட முகவரியை மட்டும் சேர்க்கிறேன். அதுவும் அவரது மின்னஞ்சல் டிமார்க் சோதனையில் தேறினால் மட்டும் அனுமதி. ஒவ்வொரு பதிவுக்கும் யார் கேட்டார், ஏன் கேட்டார், எப்போது நீக்குவது என்று ஒரு கொப்பியில் எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கொப்பியைத் திறந்து, தேவையற்றதை நீக்குகிறேன்.

வெளியே போகும் பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஒருவரின் கடவுச்சொல் திருடப்பட்டால், திருடன் பெரும்பாலும் செய்யும் வேலை, வரும் கடிதங்களின் பிரதி தனக்கும் வரும்படி ஒரு விதியை அமைப்பது. வெளி முகவரிகளுக்குத் தானாக அனுப்பும் வசதியை எல்லோருக்கும் மூடிவிடுங்கள். எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டு படி உள்நுழைவைக் கட்டாயமாக்குங்கள். முதலாளிக்கும் சேர்த்துத்தான். "எனக்கு வேணாம், கரச்சல்" என்று சொல்லும் முதலாளியின் கணக்கைத்தான் திருடன் தேடுகிறான்.

எந்த வடிகட்டியும் பிடிக்காத கடிதம்

மேற்கூறிய அனைத்தையும் செய்த பின்னரும் ஒரு வகைக் கடிதம் உள்ளே வரும். உங்கள் விநியோகத்தரின் உண்மையான கணக்கையே ஒருவன் திருடி, அதிலிருந்தே எழுதினால் என்ன செய்வது? எஸ்.பி.எப்., டிகிம், டிமார்க் மூன்றும் தேறும். கடிதத் தொடரும் பழையதே, மொழிநடையும் அவருடையதே. வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் புதியது. ஹோட்டலுக்கு முற்பணம் அனுப்பும் பயண முகவரும், துணி இறக்கும் வியாபாரியும் அஞ்சவேண்டியது இதற்குத்தான். இவ்வாறான வியாபார மின்னஞ்சல் மோசடிகளால் 2023இல் மட்டும் 2.9 பில்லியன் டொலருக்கு மேல் இழக்கப்பட்டதாக எப்.பி.ஐ.க்கு முறைப்பாடுகள் கிடைத்தன.

இதைத் தடுப்பது கணினியில் இல்லாத ஒரு விதி. வங்கிக் கணக்கு மாற்றம் மின்னஞ்சலில் வந்தால், ஏற்கெனவே நம்மிடமுள்ள இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்தும் வரை பணம் போகக் கூடாது. அந்த மின்னஞ்சலில் தரப்பட்டிருக்கும் இலக்கத்துக்குப் பேசக் கூடாது. முதலாளியே அவசரப்படுத்தினாலும் இந்த விதி மாறக் கூடாது. இப்படிக் கேட்ட ஊழியரை முதலாளி ஏசவும் கூடாது. பயந்த ஊழியர் கேட்கமாட்டார், கேட்காத ஊழியர் அனுப்பிவிடுவார்.

ஒருவேளை பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்கு அறிவித்துப் பணப்பரிமாற்றத்தை நிறுத்தக் கேளுங்கள். முதல் சில மணித்தியாலங்களில்தான் மீட்கும் வாய்ப்பு அதிகம். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கு இருக்கிறது. இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவுக்கும் 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். அதன் தலைப்புத் தரவுகள் சாட்சியம். நிர்வாகி அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, களவாக அமைக்கப்பட்ட விதிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

நமது ஊர்களில் பல நிறுவனங்களின் மின்னஞ்சல் நிர்வாகி என்பவர், கணினி தெரிந்த ஒரு மருமகனோ, பாடசாலையின் ஐ.சீ.ரீ. ஆசிரியரோதான். அவருக்கு யாரும் நேரமும் கொடுப்பதில்லை, அதிகாரமும் கொடுப்பதில்லை. இந்த வாரம் அவரை அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். நமது டிமார்க் எந்த நிலையில் இருக்கிறது? அனுமதிப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள்? குவாரண்டைனைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்?

மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அவரை ஏச வேண்டாம். ஒரு நாள் வேலை நேரத்தை அவருக்குக் கொடுங்கள். அந்தக் காசாளர் அன்று என்னை அழைக்காமல் விட்டிருந்தால், கொன்டெய்னரின் மிச்சப் பணம் முழுவதும் போயிருக்கும். அதை உள்ளே வர விட்டது நான் இரண்டு நிமிடத்தில் போட்ட ஒரு விதிவிலக்கு.